நூடுல்ஸ் மதிலுக்குப் பின்னால்

அத்தியாயம் 14

யூஷானைப் போன வாரம் லிஃப்டுக்குள் பாதிச் சிரிப்போடு விட்டுவிட்டு வந்தோம். "கார்டு நல்லபடியா வெளிய வரட்டும், திங்கட்கிழமையிலிருந்து நீதான் பிரிவுத் தலைவி" என்று மேலாளர் தூ சொன்னதால் வந்த சிரிப்பு அது. "உன் வீட்டுக்காரர் எந்தக் கம்பெனின்னு எனக்கு மறந்துடல" என்றும் அவர் சேர்த்துச் சொன்னதால் அது பாதியில் நின்றது.

வீட்டுக்காரர் செங்வெய் வேலை பார்ப்பது தியெயிங் கம்பெனியில். யூஷானுக்கு பைஹெ. இரண்டும் ஜொங்ஹெ என்ற ஊரில் ஒரே சந்தில் எதிரெதிர்க் கட்டடங்கள். இரண்டும் செய்வது ஒரே பண்டம், கணினிக்குள் செருகுகிற கிராஃபிக்ஸ் கார்டு. சிப் ஒரே அமெரிக்கக்காரனிடமிருந்து இரண்டு பேருக்கும் வருகிறது. அதற்கு மேல் யார் நல்ல விசிறி வைக்கிறார்கள், யார் சூட்டைத் தணிக்கிறார்கள் என்பதில்தான் இருபது வருடமாக அடிதடி.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கார்டுப் பேச்சையும் கழற்றிவிட வேண்டும். மூன்று வருடத் தாம்பத்தியத்தில் அது ஒருமுறைகூட மீறப்படவில்லை. யூஷான் தூக்கத்தில் விலை ஏதாவது உளறினால் செங்வெய் காதைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவான். அப்படி ஒரு நாணயஸ்தன்.

செங்வெய்யின் அம்மா மெய்ஜூ குவாங்ஹுவா கணினிச் சந்தையில் இதே கார்டுகளை விற்கிறவர். மகன் கம்பெனி சரக்கும் மருமகள் கம்பெனி சரக்கும் அவர் கடையில் ஒரே தட்டில், ஒரே உயரத்தில் இருக்கும். எது நல்லது என்று யாராவது கேட்டால், "ரெண்டும் நம்ம பிள்ளைங்கதான், பையில எவ்வளவு இருக்குன்னு சொல்லு" என்பார்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு இரண்டு கம்பெனியும் புதுக் கார்டை அறிவிக்கப்போகின்றன. போதாக்குறைக்கு இன்றுதான் ஏழாம் மாதத்துப் படையலும்.

சீனப் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாதம் பேய்கள் ஊருக்குள் வரும் மாதம். அப்போது யாரும் 'பேய்' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நல்ல அண்ணன்மார் என்பார்கள். அண்ணன்மாருக்கு எல்லாக் கம்பெனியும் வாசலில் மேஜை போட்டுப் படைக்கும். கோபித்துக்கொண்டால் இயந்திரம் நிற்கும், சரக்கு திரும்பி வரும். பொறியியல் படித்தவர்கள்தான் இதில் இன்னும் பயபக்தியோடு இருப்பார்கள்.

மதியம் ஒன்றே காலுக்கு யூஷான் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக்கொண்டு சந்துக்குள் திரும்பினாள். சந்து முழுக்க ஊதுபத்திப் புகை. பைஹெ மேஜையில் பழம், பிஸ்கட், பீர், அண்ணன்மார் முகம் கழுவ ஒரு கிண்ணம் தண்ணீர், புதுத் துண்டு. எதிரே தியெயிங் மேஜையிலும் அதேதான்.

அதோடு இன்னொன்றும் இருந்தது.

அன்னாசிப் பழத்துக்கும் முறுக்குப் பொட்டலத்துக்கும் நடுவில், பெட்டியும் உறையும் இல்லாமல், தெருவைப் பார்த்து விளிம்பைக் காட்டியபடி நின்றது தியெயிங்கின் புதுக் கார்டு.

யூஷான் நின்றுவிட்டாள். கார்டின் கனம் இரண்டு விரல். அவ்வளவுதான். பைஹெ கார்டு மூன்று விரல் கனம். அந்த மூன்று விரலைக் கொண்டுவருவதற்கே பைஹெ ஆட்கள் ஒரு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுற்றிலும் யாருமில்லை. காவலாளி நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். கை தானாகச் சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போனது, பிறகு திரும்பியது. படையல் மேஜையைப் படமெடுக்க அந்தச் சந்தில் எந்தக் கைக்கும் துணிவு வராது. படத்தில் கூடவே யார் விழுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

'இந்த மடையன்தான் வெச்சிருப்பான்' என்று நினைத்தாள். சூடு தணிக்கும் வேலை செங்வெய்யுடையது. அந்த இரண்டு விரல் அவன் கைவண்ணம். வேறு கம்பெனிக்காரன் பார்த்தால் இவன் வேலை காலி என்ற ஒரே நினைப்புதான் அவளுக்கு. தானே வேறு கம்பெனிக்காரி என்பது அந்த நிமிடத்தில் ஞாபகம் வரவில்லை.

சட்டம் வீட்டுக்குத்தானே, தெருவுக்கு இல்லையே என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு செய்தி அனுப்பினாள்.

'உங்க மேஜையைப் போய்ப் பாரு. உடனே.'

ஆறாவது மாடிக்குப் போய்ச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இன்றிரவு பைஹெயின் அறிவிப்பில் முதல் வரியே அவள் எழுதியது: 'இந்த ஆண்டின் மிக மெலிந்த கார்டு.' கீழே அவள் பெயர். மேடையில் நின்று சொல்லப்போவதும் அவள்தான்.

சாப்பாட்டுப் பெட்டியை மறுபடி மூடி வைத்தாள்.

*

செங்வெய் நாலு மாடியும் படியில் ஓடி இறங்கினான்.

தியெயிங் தலைவர் லியாவ் காலையில் சொன்னது இவ்வளவுதான்: "போன வருஷம் வெறும் பெட்டிய வெச்சு அண்ணன்மார ஏமாத்தினோம். வித்த கார்டுல பாதி விசிறி உடைஞ்சு திரும்பி வந்துது. இந்தத் தடவ நெசக் கார்டு வைக்கணும்."

நிஜக் கார்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். ஆனால் மூடின பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அண்ணன்மாருக்கு எப்படித் தெரியும்? இப்படி யோசித்து அதை வெளியே எடுத்தவன் செங்வெய். மெலிந்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரித் திருப்பி வைத்ததும் அவன்தான். பெத்த பிள்ளையைப் பள்ளி விழாவில் முன்வரிசையில் நிறுத்துகிற பெருமை. எதிரே ஒரு கம்பெனி இருப்பதே அப்போது கண்ணில் படவில்லை.

கையை நீட்டினான். பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"கையை எடுங்க தம்பி!" கணக்குப் பிரிவு ஹுவாங் அக்கா. "ஊதுபத்தி எரிஞ்சுக்கிட்டிருக்கு. சாப்பிடுறவங்க தட்டுலேருந்து பிடுங்குவீங்களா?"

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம்..."

"அரை நிமிஷம்கூடக் கிடையாது. தலைவர் வந்து கட்டை போட்டுக் குறி கேட்டு, அண்ணன்மார் சரின்னு சொன்னப்புறம்தான் ஒரு கடலை எடுக்கலாம். போன வருஷம் பட்டது போதாதா?"

போதும்தான். செங்வெய் கார்டுக்கு முன்னால் போய் நின்று குடையை விரித்துக்கொண்டான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. குடைக்குள்ளிருந்து அம்மாவுக்குப் போன் போட்டான்.

"எடுக்கக் கூடாதுன்னா எடுக்காத" என்றார் மெய்ஜூ. கடையில் யாருக்கோ மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டே பேசினார். "வைக்கக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"எதை?"

"எதையாச்சும்டா. படையல் கூடினா எந்த அண்ணன் கோச்சுக்கப்போறான்? குடையும் கையுமா அங்கயே நில்லு. வரேன்."

இரண்டு மணிக்கு ஒரு டாக்சி வந்து நின்றது. மெய்ஜூ இறங்கினார். பின்னாலேயே பதினாறு அட்டைப்பெட்டி நூடுல்ஸ் இறங்கியது.

"மாட்டு இறைச்சி ருசி எட்டு, காய்கறி ருசி எட்டு. அண்ணன்மார்ல சைவம் இருந்தா என்ன பண்றது?"

கார்டுக்கு முன்னால் நாலு பெட்டி, அதன்மேல் நாலு என்று அடுக்கி, ஆளுயர மதில் எழுப்பினார்கள். மெய்ஜூ மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி, கண்ணை மூடி, "வயிறார சாப்பிடுங்க அண்ணா, அவசரமே இல்ல" என்று வேண்டிக்கொண்டார்.

கடைசி வேண்டுதல் எவ்வளவு பெரிய வினையென்று அப்போது அவருக்குத் தெரியாது.

*

இரண்டரைக்கு யூஷான் தூவின் அறைக்குள் நின்றாள்.

"மேனேஜர், 'மிக மெலிந்த'ங்கிற வார்த்தைய எடுக்கணும்."

தூ நிமிர்ந்தார். "நாலு மணிக்கு அறிவிப்பு பத்திரிகைக்காரங்களுக்குப் போகுது. இப்ப வந்து சொல்ற?"

"தியெயிங் கார்டு நம்மளுதவிட மெல்லிசு. ரெண்டு விரல்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எதிர்த்த படையல் மேஜையில வெச்சிருக்காங்க. ஒண்ணே காலுக்குப் பார்த்தேன். யார் வேணும்னாலும் பார்க்கலாம். ஜன்னல்கிட்ட வாங்க."

தூ வந்தார். இருவரும் கீழே பார்த்தார்கள். நூடுல்ஸ் தெரிந்தது. மதிலின் ஓரத்தில், சந்தையில் கடை பார்க்கிற தோரணையில் இடுப்பில் கைவைத்து நிற்கும் மாமியாரும் தெரிந்தார்.

யூஷானுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. செய்தி அனுப்பியது தான். மதில் எழுப்பியது அத்தை. இப்போது அந்தக் கார்டைப் பார்த்த வெளியாள் இந்த உலகத்தில் தான் ஒருத்திதான்.

"எங்க?" என்றார் தூ.

"பின்னால இருக்கு. மறைச்சுட்டாங்க."

தூ கதவைச் சாத்திவிட்டு வந்தார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் யூஷானுக்குப் பயமாக இருந்தது.

"நான் உன்ன நம்பறேன். மேல இருக்கிற டைரக்டர் நம்பணுமே? 'எப்படித் தெரியும்'னு கேப்பார். மேஜைன்னு சொல்வ. அங்க நூடுல்ஸ்தான் இருக்கு. அப்புறம் அவரே ஒரு பதில் கண்டுபிடிப்பார்: புருஷன் சொல்லியிருக்கான். தியெயிங் காதுக்குப் போனா அவன் வேலை இன்னிக்கே போகும். உன்னையும் இங்க யாரும் ஒரு ரகசியத்துக்குப் பக்கத்துல விடமாட்டாங்க."

"அப்ப அறிவிப்பு அப்படியே போகட்டுமா? ஒன்பது மணிக்கு நான் பொய் சொல்லணும். ஒன்பது அஞ்சுக்கு ஊரே சிரிக்கும்."

"நாலு மணி வரைக்கும் டயம் இருக்கு. என் கண்ணால நான் பார்க்கணும். பார்த்தா அந்த வார்த்தைய நானே அடிச்சுடறேன். இல்லேன்னா உன் பேரோடதான் போகும்."

யூஷான் மாடிப்படி ஓரமாய்ப் போய் நின்று போனை எடுத்தாள். புருஷனைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் தூ பயந்தது உண்மையாகிவிடும். வேறு யார் இருக்கிறார்கள்?

"அத்தை, அந்த மதில எடுங்க."

"இப்பதானேம்மா கட்டினேன்! முதுகு விட்டுப் போச்சு."

"அது இருந்தா என் வேலை போயிடும்."

"அது இல்லேன்னா உன் புருஷன் வேலை போயிடும்!"

யூஷான் அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட கடவுளே" என்றார் மெய்ஜூ. "ஒரு பிள்ளைக்குக் குடை பிடிக்கப்போய் இன்னொண்ண மழையில நிறுத்திட்டனா? இரு, அழாத. ஆனா இப்போ நானே தொட முடியாதேடி. கட்டை போடணும். உங்க மாமனார் உசிரோட இருந்தப்ப ஒருதரம் பாதியில வாழைப்பழம் எடுத்துத் தின்னார், மறுநாளே கடையில எலி."

போனை வைத்துவிட்டு, மகனைச் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். அவன் காதில் என்ன சொன்னாரோ தெரியாது. செங்வெய் ஒருமுறை நிமிர்ந்து ஆறாவது மாடியைப் பார்த்தான்.

*

மூன்று முப்பத்தைந்துக்குத் தலைவர் லியாவ் இறங்கி வந்தார். கூட்டம் வழிவிட்டது. இரண்டு பிறைக்கட்டைகளைக் கையில் குவித்து, "அண்ணன்மாரே, சாப்பிட்டு முடிச்சாச்சா?" என்று கேட்டுத் தரையில் போட்டார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம்.

இரண்டும் மல்லாந்தன.

"இன்னும் முடியல" என்றார் ஹுவாங் அக்கா பயபக்தியோடு. "பதினாறு பெட்டியில்ல?"

மேலே ஜன்னலருகே யூஷான் கடிகாரத்தைப் பார்த்தாள். தூவும் பக்கத்தில்தான் நின்றார். எல்லோரும் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். மறுபடி கட்டைகள் விழுந்தன. இந்தத் தடவை இரண்டும் குப்புற. மெய்ஜூ கையைக் கூப்பிக்கொண்டு முணுமுணுத்தார்.

"அண்ணா, அவசரமில்லன்னு நான் சொன்னது தப்பு. கொஞ்சம் அவசரம்தான். என் மருமக பாவம்."

மூன்று ஐம்பதுக்கு மூன்றாவது முறை. ஒன்று மேஜைக்கு அடியில் உருண்டு போய்ச் செங்வெய்யின் காலில் இடித்து மல்லாந்தது. மற்றது குப்புறக் கிடந்தது.

"சம்மதம்!" என்று கூட்டம் கத்தியது.

செங்வெய் மேஜைக்குப் பின்பக்கம் நின்றிருந்தான். கார்டு கைக்கெட்டும் தூரத்தில். பின்னாலிருந்தே எடுத்து மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியேறிவிட்டால் எல்லாம் முடிந்தது. வேலை பத்திரம், ஒரு வருட உழைப்பின் ரகசியம் இரவு ஒன்பது வரைக்கும் பத்திரம். அவன் கை அந்தப் பக்கம் ஒருமுறை போகவும் போனது.

பிறகு அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தான். மதிலின் மேல் வரிசையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். காவலாளியிடம் கொடுத்தான். இன்னொன்றை எடுத்து ஹுவாங் அக்காவிடம் கொடுத்தான்.

"படையல் நூடுல்ஸ் வீட்டுக்கு நல்லது! எல்லாரும் வாங்க!" என்று குரல் கொடுத்தான். அப்புறம், சந்தின் எதிர்ப்பக்கம் திரும்பினான். "பைஹெக்காரங்களும் வாங்க! எங்க நூடுல்ஸ்ல விஷம் கிடையாது!"

"உங்க விசிறிய விட நூடுல்ஸ் பரவாயில்லையா?" என்று எதிர்வாசலிலிருந்து ஒருவன் கேட்டான்.

"தின்னுட்டுச் சொல்லு!"

சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக இரண்டு கம்பெனி ஆட்களும் சந்தின் நடுவில் கலந்தார்கள். மெய்ஜூ பெட்டிகளைப் பிரித்து, "சைவமா? இந்தா. அசைவமா? அந்தப் பக்கம் நில்லு" என்று விநியோகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மதில் வரிசை வரிசையாகக் குறைந்தது.

தூ ஜன்னலிலிருந்து நகர்ந்தார். "கீழ வா" என்றார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார்கள்.

அவர்கள் மேஜையை அடைந்தபோது மூன்று ஐம்பத்தாறு. கடைசி இரண்டு பெட்டிகளை செங்வெய் எடுத்தான். பின்னால் கார்டு நின்றது, மெலிந்த பக்கம் தெருவைப் பார்த்தபடி.

யாரோ விசிலடித்தார்கள். பைஹெயின் பொறியாளன் ஒருவன் நூடுல்ஸ் பொட்டலத்தை அப்படியே கீழே போட்டுவிட்டான். தூ குனிந்து, தொடாமல், இரண்டு விரலைக் கார்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

"இதுக்குள்ள எப்படிய்யா சூட்டை அடக்கினீங்க?" என்று கேட்டார்.

"நாளைக்குக் கடைக்கு வரும், வாங்கிப் பிரிச்சுப் பாருங்க" என்றான் செங்வெய். யூஷானை அவன் பார்க்கவே இல்லை. அவளும் அன்னாசிப் பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூ நிமிர்ந்து போனை எடுத்தார். "அறிவிப்ப நிறுத்து. முதல் வரிய அடிச்சிடு. மெலிசுமில்ல, ஒண்ணுமில்ல." யூஷான் பக்கம் திரும்பினார். "என்ன போடறது? மூணு நிமிஷம் இருக்கு."

"சத்தம்" என்றாள் யூஷான். "நம்ம கார்டு மூணு விரல். அதனால பெரிய விசிறி மெதுவாச் சுத்துது. 'பக்கத்துல குழந்தை தூங்கலாம்'னு போடுங்க. அது நெசம்."

செங்வெய்யின் முகம் ஒரு கணம் மாறியது. இரண்டு விரல் கார்டில் சின்ன விசிறிதான் வைக்க முடியும். அது வேகமாகச் சுற்றும், கொஞ்சம் கத்தும். அது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

"போடு" என்றார் தூ போனில். அறிவிப்பு நாலு மணிக்குச் சரியாகப் போனது.

போகிற வழியில் அவர் யூஷானின் காதருகே குனிந்தார். "பின்னால நின்னவன் ஏன் சுத்தி முன்னால வந்தான்?"

"தெரியல மேனேஜர்."

"எனக்குத் தெரியுது" என்றார் தூ. "திங்கட்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வா. உன் மேஜைய மாத்தணும்."

*

ஐந்தரை மணிக்குச் சந்து முனையில் செங்வெய் ஸ்கூட்டரோடு நின்றான். மேடைக்குப் போவதற்கு முன் வீட்டுக்குப் போய்த் துணி மாற்ற அவளுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. யூஷான் தலைக்கவசத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். வழக்கமாகத் தோளைப் பிடிப்பாள். இன்று இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூட அவனை இவ்வளவு பிடித்ததில்லை என்று தோன்றியது.

"ஒரு வருஷ வேலைடா அது" என்றாள் அவன் முதுகில்.

"கார்டு அடுத்த வருஷமும் பண்ணலாம்."

"யாருக்காவது சந்தேகம் வந்துதா?"

அவன் வண்டியைக் கிளப்பவில்லை. "கட்டை போட்டப்புறம் தலைவர் அங்கயே வாசல்லதான் நின்னிருக்கார். முன்னால வந்தது, எல்லாரையும் கூப்பிட்டது, எல்லாம் பார்த்திருக்கார். காலையில எட்டு மணிக்கு வரச் சொன்னார்."

யூஷானின் கை இறுகியது. "வேலையவிட்டு அனுப்பிடுவாரா?"

"அனுப்பறதுன்னா என்ன மட்டும்தானே கூப்பிடணும்? உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்றார்."

"என்னையா? பைஹெக்காரி நான் எதுக்கு அங்க?"

"தெரியல" என்றான் செங்வெய். "ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னார், யூஷான். நான் அங்க சேர்ந்த பதினோரு வருஷத்துல அந்த மனுஷன் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."